கயானா: மண்வெட்டியால் எழுந்த கரை

தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு கயானா. மேற்கே வெனிசுவேலா, தெற்கே பிரேசில், கிழக்கே சுரினாம், வடக்கே அட்லாண்டிக் பெருங்கடல். பரப்பளவு ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 8 லட்சம் அளவில்தான். அவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் கடலோரத்தில் ஒரு குறுகிய பட்டையில் நெருங்கி வாழ்கிறார்கள். மற்ற இடமெல்லாம் காடு, ஆறு, அருவி, புல்வெளி. நீர் மிகுந்த நிலம் என்று பொருள்படும் தொல்குடிச் சொல்லிலிருந்து நாட்டின் பெயர் வந்தது என்பார்கள்.

பயணிகள் பெரும்பாலும் கைட்டூர் அருவியைப் பார்க்க வருகிறார்கள். அது பார்க்க வேண்டிய அருவிதான். ஆனால் இந்நாட்டின் நானூறு ஆண்டு வரலாறு கிடப்பது கடலோரச் சேற்றில். அந்தக் கரையை ஒரு முறை நடந்து பார்த்தவர்களுக்கே கயானா பிடிபடும்.

அந்தக் கரை, இயற்கை விட்டபடி இருந்திருந்தால் குடியிருக்க ஏற்றதல்ல. அமேசான் ஆறு கடலில் கொட்டும் வண்டலைக் கடல் நீரோட்டம் வடமேற்காக இழுத்துவந்து இங்கே படிய வைக்கிறது. அதனால் கயானாவின் கடல் நீலமாக இராது. பழுப்பு நிறத்தில், கலங்கிய குட்டை நீர் போல இருக்கும். படிந்த மண்ணுக்கு வளம் உண்டு, உயரம் கிடையாது. கடல் ஏறும் நேரத்தில் நீர்மட்டம் பல இடங்களில் நிலத்தைவிட ஒரு மீட்டருக்கும் மேலே நிற்கும். முன்புறம் உப்புநீர், பின்புறம் காட்டிலிருந்து இறங்கும் மழைநீர் தேங்கிய சதுப்பு, இடையில் அலையாத்திக் காடு. வராவ், லொகோனோ, கலீனா முதலிய தொல்குடிகள் ஆற்றோரங்களிலும் மேட்டுநிலங்களிலும் வாழ்ந்தார்களே தவிர, இந்தச் சேற்றைத் திருத்த முனையவில்லை. அதற்கான தேவை அவர்களுக்கு இருக்கவும் இல்லை.

ஐரோப்பியர் முதலில் தேடி வந்தது தங்கத்தை. ஆங்கிலேயரான வால்டர் ராலே 1595இல் ஓரினோகோ ஆற்றின் வழியே ஏறி, எல் டொராடோ என்னும் பொன்நகரத்தைத் தேடினார். நகரம் அகப்படவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட நூல் கயானா என்ற பெயரை ஐரோப்பா முழுதும் பரப்பியது. நிலைத்துத் தங்கியவர்கள் டச்சுக்காரர்கள். எசெக்கிபோ ஆற்றில் குயூனியும் மசருனியும் வந்து கலக்கும் இடத்தருகே ஒரு சிறு தீவில் 1616 வாக்கில் கோட்டை கட்டினார்கள். மூன்று ஆறுகளையும் நோக்க முடிந்ததால் அதற்கு ‘எல்லாப் பக்கமும் பார்’ என்று பொருள்படும்படி கைக்-ஓவர்-ஆல் என்று பெயர். இன்று அங்கே எஞ்சியிருப்பது ஒரு செங்கல் வளைவு மட்டுமே. பெர்பிஸ் ஆற்றில் 1627இல் இன்னொரு குடியேற்றம் எழுந்தது.

நூறாண்டுக்கு மேல் டச்சுக்காரர்கள் ஆற்றின் மேல்பகுதியிலேயே இருந்தார்கள். அங்கே மண் சீக்கிரம் சத்திழந்தது. கடலோர வண்டலில் கரும்பு செழிக்கும் என்பது தெரிந்ததும் தோட்டங்கள் ஆற்றோடு கீழிறங்கின. 1742 முதல் முப்பது ஆண்டுகள் எசெக்கிபோவை ஆண்ட ஸ்டார்ம் வான் கிராவசாண்டே, 1740களில் டெமராரா ஆற்றங்கரையைத் தோட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டார். தாழ்நிலத்தைக் கடலிடமிருந்து மீட்கும் கலை டச்சுக்காரர்களுக்குத் தாய்நாட்டிலேயே பழகியது. கலை அவர்களுடையது, கை ஆப்பிரிக்க அடிமைகளுடையது.

ஒரு தோட்டம் அமைந்த விதம் இது. கடலைப் பார்த்து ஒரு மண்கரை, சதுப்பைத் தடுக்கப் பின்னால் ஒரு கரை, இருபக்கமும் இரண்டு கரைகள். இப்படி நான்கு புறமும் அடைத்த நீள்சதுரத்துக்குள் இரண்டு வகை வாய்க்கால்கள். தாழ்ந்தவை வடிகால்கள், மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும். உயர்ந்தவை பின்புறத்து நன்னீரைக் கொண்டுவரும்; வெட்டிய கரும்பை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் தட்டைப் படகுகளும் இவற்றில்தான் மிதக்கும். படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையிலிருந்து இழுத்தன. மாட்டுவண்டி போக முடியாத களிமண்ணில் வேறு வழி இல்லை.

வடிகால் கடலைச் சேரும் இடத்தில் இருப்பது மதகு. டச்சு மொழியிலிருந்து வந்த ‘கோக்கர்’ என்ற பெயராலேயே கயானாவில் இன்றும் அதை அழைக்கிறார்கள். அமைப்பு எளியது. இரண்டு உயர்ந்த தூண்கள், அவற்றின் நடுவே ஏறி இறங்கும் கனத்த கதவு, மேலே சங்கிலி சுற்றிய உருளை. கடல் வற்றும்போது மதகுக்காரர் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்குவார். உள்ளே தேங்கிய நீர் இரைச்சலோடு வெளியேறும். கடல் திரும்பி ஏறத் தொடங்கியதும் கதவை இறக்கிவிட வேண்டும். நாளுக்கு இருமுறை கடல் வற்றுவதால், நள்ளிரவானாலும் மழையானாலும் வேலை இருமுறை. இறக்க மறந்தால் உப்புநீர் வயலுக்குள் வரும். பழைய மதகுகளுக்குக் கிரீன்ஹார்ட் என்னும் உள்நாட்டு மரத்தைப் பயன்படுத்தினார்கள். நீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம். கடல்நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழுவும் எளிதில் அண்டாதது.

இந்த வேலையின் அளவைச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. 1948இல் கயானாவின் சர்க்கரைத் தொழிலை ஆராய வந்த வென் ஆணையம், ஒரு சதுர மைல் கரும்பு நிலத்துக்கு 49 மைல் வடிகாலும் 16 மைல் மேல்மட்ட வாய்க்காலும் தேவைப்பட்டதாகக் கண்டது. கரையோர வாய்க்கால்கள் அனைத்தையும் வெட்ட அள்ளிய மண் மொத்தம் குறைந்தது 10 கோடி டன் என்றும் மதிப்பிட்டது. அத்தனையும் நீரில் ஊறிய களிமண். இடுப்பளவு சேற்றில் நின்று, மண்வெட்டி ஒன்றையே கருவியாகக் கொண்டு அள்ளியது. கயானாவின் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி, தம் நாட்டு உழைப்பாளர் பற்றிய நூலில் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, கரையோரத்தை மனிதர் வாழும் இடமாக்கியவர்கள் இந்த அடிமைகளே என்று நிறுவினார். கயானாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட முக்கியமான செய்தி வேறொன்றைச் சொல்வது கடினம். கோட்டைகளுக்கும் மாளிகைகளுக்கும் கட்டியவர் பெயர் கிடைக்கிறது. வாய்க்கால்களை வெட்டியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை; ஊர் நிற்பது அவர்கள் போட்ட கரைமேல்.

அவர்கள் அடங்கிக் கிடக்கவும் இல்லை. 1763 பிப்ரவரி 23 அன்று பெர்பிஸில் கஞ்சி ஆற்றோரத்து மக்தலேனன்பர்க் தோட்டத்தில் கிளர்ச்சி மூண்டு தோட்டம் தோட்டமாகப் பரவியது. அப்போது குடியேற்றத்தில் வெள்ளையர் 350 பேர் அளவில். அடிமைகள் ஏறத்தாழ 4,000 பேர். தலைமை தாங்கியவர் கஃபி என்னும் ஆப்பிரிக்கர். நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், கீழ்ப்பகுதி உங்களுக்கு, மேல்பகுதி எங்களுக்கு என்ற கருத்தில் அவர் டச்சு ஆளுநர் வான் ஹூகன்ஹைமுக்குக் கடிதங்கள் அனுப்பினார். ஆளுநர் பேச்சை இழுத்து, துணைப்படை வரும்வரை நேரம் கடத்தினார். கிளர்ச்சியாளருக்குள் பிளவு ஏற்பட்டது. கஃபி தற்கொலை செய்துகொண்டார். 1764இல் எல்லாம் கொடூரமாக ஒடுக்கப்பட்டது. ஆனாலும் அமெரிக்கக் கண்டங்களில் ஒரு குடியேற்றத்தின் பெரும்பகுதியை அடிமைகள் ஓராண்டளவு தம் கையில் வைத்திருந்தது அரிய நிகழ்வு. கயானா 1970இல் குடியரசானபோது அந்த பிப்ரவரி 23ஐயே நாளாகத் தேர்ந்தது. ஜார்ஜ்டவுனில் 1976இல் நிறுவப்பட்ட 1763 நினைவுச்சின்னம் சிற்பி பிலிப் மூர் வடித்தது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறி மாறிக் கைமாறியது. 1814இல் ஆங்கிலேயர் வசம் உறுதியாக வந்து, 1831இல் எசெக்கிபோ, டெமராரா, பெர்பிஸ் மூன்றும் பிரிட்டிஷ் கயானா என ஒன்றாயின. இந்தக் கைமாற்றமெல்லாம் ஊர்ப்பெயர்களில் உறைந்திருக்கிறது. தலைநகரிலிருந்து கரையோரச் சாலையில் போனால் டச்சுப் பெயர், பிரெஞ்சுப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று மாறி மாறி வரும்: பெட்டர்வர்வக்டிங், லா போன் இன்டென்ஷன், சக்சஸ், என்மோர். டெமராரா ஆற்றின் அக்கரையில் விரீட்-என்-ஹோப்; ‘அமைதியும் நம்பிக்கையும்’ என்று பொருள். எல்லாம் பழைய தோட்டங்களின் பெயர்கள். கடலைப் பார்த்து ஒடுங்கிய முகப்பு, உள்ளே நீண்டுகொண்டே போகும் உடல் என்று ஊர்கள் இருப்பதற்கும் டச்சுக்காரர் அளந்துவிட்ட தோட்டத் துண்டுகளே காரணம்.

1823 ஆகஸ்டில் டெமராராவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் எழுந்தார்கள். அவர்கள் கேட்டது விடுதலை. பெரும்பாலும் உயிர்ச்சேதம் செய்யாமல் நடந்த அந்த எழுச்சியை இராணுவம் சில நாட்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்று அடக்கியது. தூண்டிவிட்டதாகத் தண்டிக்கப்பட்ட பாதிரியார் ஜான் ஸ்மித் 1824 பிப்ரவரியில் சிறையிலேயே இறந்தார். அந்தச் சாவு இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புக்கு வலுச்சேர்த்தது. 1834இல் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் கட்டாய வேலை 1838 ஆகஸ்ட் 1 வரை நீடித்தது. இழப்பீடு கொடுக்கப்பட்டது உடைமையாளர்களுக்கு. சக்சஸ் தோட்டத்தின் சொந்தக்காரரும், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தையுமான ஜான் கிளாட்ஸ்டன் மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் பெற்றார். அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது கயானாவின் மிகப் பெருமைக்குரிய செயல். 1839 நவம்பரில் விடுதலை பெற்ற 83 பேர் தங்கள் சேமிப்பைத் திரட்டி, கைவிடப்பட்ட நார்த்புரூக் தோட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். நாணயங்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனதாக இன்றும் சொல்கிறார்கள். தோட்டத்துக்கு விக்டோரியா என்று பெயர் மாற்றினார்கள். மறு ஆண்டு 128 பேர் சேர்ந்து இன்னொரு தோட்டத்தை 50,000 டாலருக்கு வாங்கி பக்ஸ்டன் என்று பெயரிட்டார்கள். இப்படியே ஊர்கள் பெருகின. ஆனால் கரையையும் மதகையும் பேணுவது ஒரு ஊரின் கைப்பணத்துக்கு மீறிய செலவு. தோட்ட முதலாளிகளும் அரசும் உதவ மனம் கொள்ளவில்லை. பல ஊர்கள் வெள்ளத்தில் நலிந்தன.

தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மதெய்ராத் தீவிலிருந்து போர்ச்சுக்கீசியர் 1835 முதலும், சீனர் 1853 முதலும் வந்தார்கள். பெருந்தொகையாக வந்தவர்கள் இந்தியர்கள். ஜான் கிளாட்ஸ்டனே கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி இதைத் தொடங்கிவைத்தார். விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் 1838 மே 5 அன்று 396 பேரோடு கயானாவை அடைந்தன. 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். தங்கியது அடிமைகள் விட்டுப்போன லயங்களில்; செய்தது அதே வாய்க்கால் தூர்வாரும் வேலை, அதே கரும்பு வெட்டு. கால் பங்குக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் அங்கேயே நிலைத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெல் பயிரிட்டு அதைப் பெருந்தொழிலாக்கினார்கள்.

பெரும்பான்மையினர் கங்கைச் சமவெளிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். 1845க்கும் 1860களுக்கும் இடையிலேயே மிகுதியாக வந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் கலந்த இவர்களுக்குக் கயானாவில் ‘மதராசி’ என்று பெயர். பெர்பிஸ் பக்கத்து ஆல்பியன், போர்ட் மூரன்ட் தோட்டங்களிலும், விம் போன்ற ஊர்களிலும் இவர்கள் செறிந்தார்கள். மொழி இரண்டு மூன்று தலைமுறைகளில் பேச்சிலிருந்து மறைந்தது. வழிபாட்டில் மறையவில்லை. மாரியம்மனைக் காளி மாயி என்று வணங்கும் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ‘தப்பு’ அடிப்பார்கள், உடுக்கை ஒலிக்கும், வேப்பிலை அடித்து நோய் தீர்ப்பார்கள். மதுரை வீரனும் முனீஸ்வரனும் காத்தேரியும் சங்கனிக் கறுப்பும் அங்கே தனித்தனி நிலைகொண்டிருக்கிறார்கள். பொருள் புரியாத நிலையிலும் செவிவழியாகக் கற்ற தமிழ்ப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். வட இந்தியப் பண்டிதர்களும் ஆட்சியாளர்களும் நெடுங்காலம் இழிவாகப் பார்த்த இந்த வழிபாட்டில் ஆப்பிரிக்க வழிவந்தவர்களும் கலந்துகொள்கிறார்கள். வீரசாமி, முத்து, பெருமாள், நாகமுத்து என்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் சற்றே உருமாறித் தொடர்கின்றன. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஆடிய சுழற்பந்து வீச்சாளர் வீரசாமி பெர்மால் பெர்பிஸ்காரர். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் நாகமூட்டூ, விம் ஊர் மதராசிகளின் வாழ்வை ‘ஹென்ட்ரீஸ் க்யூர்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். தமிழ் வாசகர் இந்நாட்டுக்குப் போக வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தலைநகர் ஜார்ஜ்டவுன் 1780களில் உருவான ஊர். டச்சுக்காரர் ஸ்டாப்ரோக் என்றார்கள். 1812இல் ஆங்கிலேயர் தம் அரசர் பெயரை வைத்தார்கள். தெருக்களின் நடுவே மரநிழலில் நடைபாதைகள் ஓடுகின்றன. அவற்றில் சில தூர்த்த பழைய வாய்க்கால்கள். வீடுகள் மரத்தாலானவை, தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியவை. கீழே வெள்ளம் வந்தாலும் மேலே வாழலாம். வராத நாளில் அந்த நிழலில் ஊஞ்சல் கட்டலாம், துணி உலர்த்தலாம், விருந்து வைக்கலாம். சன்னல்கள் மேலிருந்து தொங்கி வெளிப்புறமாகச் சாய்ந்து திறப்பவை. வெயிலையும் சாரலையும் மறித்துக் காற்றை மட்டும் விடும். இவற்றுக்கு டெமராரா சன்னல் என்றே பெயர். 1892இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயம் 43 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரக் கட்டடம். வரைந்தவர் ஆர்தர் புளோம்ஃபீல்ட். 1881இல் இரும்பால் எழுந்த ஸ்டாப்ரோக் சந்தையும் அதன் மணிக்கூண்டும், 1889இல் முடிந்த நகர மண்டபமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மரநகரத்துக்குத் தீயே எமன். 1945இல் நகரின் நடுப்பகுதி எரிந்தது. 1861இல் கட்டிய திரு இருதய ஆலயம் 2004 கிறிஸ்துமஸ் நாளில் சாம்பலானது. எஞ்சியவற்றைத் தாமதிக்காமல் பார்த்துவிடுவது நல்லது.

நகரையும் கடலையும் பிரிப்பது கடற்சுவர். 1855இல் கிங்ஸ்டன் பகுதியைக் கடல் மூழ்கடித்த பிறகு 1858இல் பணி தொடங்கி 1892இல் முடிந்தது. மசருனி ஆற்றங்கரைச் சிறையின் கைதிகள் உடைத்த கருங்கல்லால், பெரும்பாலும் கைதிகளே கட்டியது. கரையோரம் நெடுக நீளும் தடுப்பு மொத்தம் 280 மைல் என்பார்கள். ஞாயிறு மாலையில் நகரமே அந்தச் சுவர்மேல் வந்து உட்காரும். கடல் ஏறிய வேளையில் அங்கே நின்று முதலில் அலையையும், திரும்பித் தெருவையும் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

உள்நாடு வேறு உலகம். பொட்டாரோ ஆறு ஒரே பாய்ச்சலில் 226 மீட்டர் கீழே விழும் இடம் கைட்டூர். பட்டமோனா மக்கள் காலங்காலமாக அறிந்த அருவியை நில ஆய்வாளர் பேரிங்டன் பிரவுன் 1870 ஏப்ரலில் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். 1929 முதல் அது தேசியப் பூங்கா. தெற்கே ருபுனுனிப் புல்வெளியில் மக்குஷி, வப்பிஷானா மக்கள் வாழ்கிறார்கள். நாடு முழுவதும் கிறிஸ்துமஸுக்குச் சமைக்கும் பெப்பர்பாட் தொல்குடிகள் தந்த உணவு. நச்சுள்ள கசப்பு மரவள்ளியைத் துருவி, பிழிந்து, சாற்றைக் கருத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சினால் நஞ்சு நீங்கி ‘கசரீப்’ ஆகும். அதில் வேகும் இறைச்சியைத் தினமும் ஒருமுறை கொதிக்க வைத்தால் பல நாள் கெடாது.

1966 மே 26 அன்று கயானா விடுதலை பெற்றது. போர்ட் மூரன்ட் தோட்டத்தில் 1918இல் பிறந்த செட்டி ஜகன் 1953இல் தேர்தலில் வென்று அமைத்த ஆட்சியை ஆங்கிலேயர் 133 நாளில் கலைத்தார்கள். 1960களில் இந்திய வழியினருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மூண்ட கலவரங்களின் வடு இன்னும் ஆறவில்லை. ராட்னி 1980 ஜூன் 13 அன்று குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். மேலே சொன்ன அவருடைய நூல் மறு ஆண்டுதான் அச்சில் வந்தது. 2015இல் கடலடியில் எண்ணெய் கண்டறியப்பட்டு, 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கிய பின் நாட்டின் வருமானம் மளமளவென்று ஏறிவருகிறது. ஆனால் 2005 ஜனவரி மழையில் கிழக்கு டெமராராக் கரை நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தபோது ஏற்பட்ட இழப்பு, அந்நாளைய நாட்டு வருமானத்தில் பாதிக்கு மேல். எண்ணெய்ப் பணத்தில் முதல் பங்கு மதகுக்கும் கரைக்கும் போக வேண்டும்.

கரையோரத்தில் மே முதல் ஜூலை வரையும், நவம்பர் இறுதி முதல் ஜனவரி வரையும் மழைக்காலம். போவதற்கு ஏற்றவை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், ஆகஸ்டு இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரையும். கைட்டூருக்கு ஜார்ஜ்டவுனிலிருந்து சிறு விமானத்தில் ஒரே நாளில் போய் வரலாம். கிழக்குக் கரைச் சாலைக்கும் பெர்பிஸுக்கும் மூன்று நாளாவது ஒதுக்குங்கள். கடல் வற்றும் நேரத்தைக் கேட்டறிந்து, ஏதாவது ஒரு மதகில் கதவு தூக்குவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.